கருட சேவையன்று நாங்கள் விடாத வழி

மடுவில் முதலையின் வாயில் அகப்பட்ட ஆனை அழைத்த குரல் செவியில் விழுந்த கணமே, சூடிய மாலை சரிந்ததையும் உடுத்த பீதாம்பரம் நெகிழ்ந்ததையும் பாராமல், உடன் வருவார் எவருக்கும் காத்திராமல் கருடன் மேல் ஏறி விரைந்த பெருமானே, உன் விரைவுக்கு நமஸ்காரம். இனி நான் எழுதும் சொற்களில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை நுழையாதபடி நீயே காவல் இருப்பாயாக.

இன்று ஆவணித் திருவோணம். நீராடி, திருமண் இட்டு, துளசி தீர்த்தம் அருந்தி, காகிதத்தின் முன் அமர்ந்திருக்கிறேன். இத்தனை நல்ல நாளில் அருவருப்பான ஒன்றை எழுதலாமா என்று என் இல்லத்தாள் கேட்டாள். கெட்ட நாளில் எழுதினால் மட்டும் அது நல்லதாகிவிடுமா என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் கைங்கரியம் ஒன்று உண்டு. பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது, அவருக்கு முன்னே தமிழ்ப் பாசுரங்களைச் சேவித்துக்கொண்டு, அதாவது ஓதிக்கொண்டு, நடப்பது. அப்படி நடக்கும் கூட்டத்தைக் கோஷ்டி என்போம். வரிசைக்கு ஆறு பேராக, பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றியபடி, தெருவின் அகலத்தை நிறைத்துக்கொண்டு மெல்ல நகர்வோம். பாசுரம் தொடங்கிவிட்டால் நடுவே பேச்சில்லை. பற்றிய கையை விடுவதில்லை. கோஷ்டிக்கும் வாகனத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் எவரும் குறுக்கே போவதும் இல்லை. பெருமாள் கேட்டுக்கொண்டு வருகிறார். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே தலையை நீட்டுவது பெரிய அபசாரம். இதை இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காய்கறிக் கூடையோடு எதிரே வரும் பெண்ணும் நின்று, வாகனம் கடந்த பிறகே தெருவைத் தாண்டுவாள். அந்த ஒழுங்கில் எனக்கு அளவு கடந்த பெருமை இருந்தது. அப்போது எனக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷங்கள் ஆகியிருந்த ஒரு வைகாசி விசாகம் அது. கருட சேவை நாள். தென்னேரிப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் இரவே தெருவோரங்களில் இடம் பிடித்துப் படுத்திருந்தார்கள். நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கதர்க் கூட்டமோ என்று சர்க்கார் சந்தேகித்த காலம். ஆகையால் அந்த வருஷம் வெளியூரிலிருந்து போலீசாரைத் தருவித்து, தெருவின் இரு பக்கமும் கயிறு கட்டி, பத்தடிக்கு ஒருவராகத் தடியோடு நிறுத்தியிருந்தார்கள். போதாக்குறைக்கு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வர்த்தகர் வீட்டு மாடியில் ஒரு துரை நாற்காலி போட்டு அமர்ந்து சேவையைப் பார்க்கப்போகிறார். அவர் பார்வைக்கு வரும் முன் ஊர்வலம் எங்கும் தடைபடக் கூடாது என்று உத்தரவு. உத்தரவைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதைத் தலைமேல் ஏந்திக்கொண்டவர்களில் நாங்களும் உண்டு.

வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் பெரிய காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெரு ஒன்றில் நுழைந்தோம். தெருவின் தென்புறம் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் பானை பானையாகப் பானகம் கரைத்து ஜனங்களுக்கு வார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை எனக்குத் தெரியும். என் தங்கையின் கூறைப்புடவை அவர் தறியில் நெய்ததுதான். அவருடைய வீடும் வீட்டோடு சேர்ந்த தறிக்கூடமும் எதிர்ப்புறம், வடக்கு வரிசையில் இருந்தன. கூடத்துக்கு நாட்டு ஓட்டுக் கூரை; சுவர் மண்சுவர்.

நம் ஊர்த் தறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்காகத் தரையில் இடுப்பளவு குழி இருக்கும். கோடையில் வீடெல்லாம் அனலாகக் கொதித்தாலும் அந்தக் குழி மண் ஈரத்தோடு குளிர்ந்திருக்கும். நெசவு நடக்காத நாட்களில் குழந்தைகளை அதில் துணி விரித்துத் தூங்கவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். அன்று தறிக்கு ஓய்வு. கூட்டத்தில் மிதிபடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று, தங்கள் நாலு வயதுப் பெண்ணை அந்தத் தம்பதிகள் குழியில் படுக்கவைத்துவிட்டுப் பானகம் வார்க்க எதிர்ப்புறம் வந்திருந்தார்கள். கயிறு கட்டப்பட்டபோது அவர்கள் இந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்கள். வாகனம் கடந்ததும் போய்விடலாம் என்று இருந்துவிட்டார்கள்.

நாங்கள் தெருவில் நுழையும்போதே அந்தக் கூரைமேல் பத்துப் பதினைந்து பேர் ஏறி நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். இன்னும் சிலர் சுவரைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் ஏறுடா, கருடன் பறந்துடப் போறாரு!" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஓட்ட ஒடைக்காதீங்கடா பாவிங்களா! மழ வந்தா ஒங்கப்பனா வந்து மேயப் போறான்?" என்று பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு கிழவி கையை ஆட்டினாள்.

"எங்கப்பன் மேல இருக்கான் ஆயா, நீயே கேட்டுக்கோ!"

கூட்டம் சிரித்தது. எங்கள் வரிசையிலும் ஓரிருவர் உதட்டுக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உத்திரம் முறிந்தது. கூரை நடுவில் குழிந்து, ஓடும் மூங்கிலும் மண்ணுமாக உள்ளே இறங்கிற்று. தெருப்பக்கச் சுவரும் சரிந்தது. புழுதி எழுந்து எங்கள் முகத்தில் படிந்தது. ஏறியிருந்தவர்கள் மண்ணும் சிராய்ப்புமாக ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். ஒருவன் நொண்டிக்கொண்டே தன் வேட்டியைத் தேடினான். பெரிய அடி யாருக்கும் இல்லை. ஜனங்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். போலீசார் அவர்களை விரட்டிவிட்டு, இடிபாட்டை அந்தப் பக்கத்தாரும் நெருங்காதபடி சுற்றிலும் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார்கள்.

அப்போதுதான் தென்புறத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"ஐயா, கொழந்த உள்ள இருக்குது! தறிக் குழியில தூங்கிக்கினு இருக்குது! வுடுங்கய்யா!"

கயிற்றுக்கு அடியில் குனிந்த நெசவாளரை ஏட்டு ஒருவர் தோளில் கைவைத்துத் தள்ளினார்.

"ஏறின பசங்க எல்லாம் எழுந்து ஓடிட்டானுங்க. உள்ள எவனும் இல்ல. போடா பின்னால."

"மேல ஏறினவங்கள சொல்லலீங்க. கீழ, குழியில. எம் பொண்ணு."

"குழியாம்ல!" ஏட்டு பக்கத்துப் போலீஸ் சேவகனைப் பார்த்துக் கண்ணடித்தார். "வீட்டுக்குள்ள குழி தோண்டி எவன்டா புள்ளைய வெப்பான்? பொதச்சு வெச்சிருக்கியா?"

சேவகர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தறிக்குழி இன்னதென்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்; கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அவரு சொல்றது நெஜந்தாங்க, இந்தத் தெருவுல அப்படித்தான் தூங்க வெப்பாங்க" என்றார். தடி ஒன்று அவர் பக்கம் ஓங்கியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கோஷ்டி முன்னேறி, நான் இருந்த கடைசி வரிசை சரியாக அந்த இடத்துக்கு வந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் வெற்றிடம். அதற்கும் பின்னால் கருடன். நெசவாளர் ஏட்டின் கைக்குக் கீழே புகுந்து, கயிற்றைத் தாண்டி, அந்த வெற்றிடத்தின் வழியே எதிர்ப்புறம் பாய்ந்தார். பத்தே எட்டு வைக்கும் தூரம். நாலாவது எட்டில் முதல் அடி விழுந்தது. அவர் தலையைக் காக்கக் கையை உயர்த்தினார். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தபோது, உலர்ந்த மூங்கில் பிளப்பதுபோன்ற ஓசை எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். விழுந்தவன் எழமாட்டான் என்று தெரிந்த பிறகும் அடித்தார்கள். வேலையைச் செவ்வனே செய்யும் ஒருவித அமைதி அவர்கள் முகத்தில் இருந்தது. 

மனைவி எப்போது கயிற்றைக் கடந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கையில் பானகம் வார்க்கும் கொட்டாங்கச்சி அகப்பை அப்படியே இருந்தது. நேராக என்னிடம் வந்தாள். நான்தான் வரிசையின் ஓரத்தில் இருந்தவன்.

"சாமி, நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க சாமி. எம் பொண்ணு உள்ள இருக்குது. மண்ணு வாயில போயிக்கினு இருக்கும் சாமி."

அந்த நிலையிலும் என் மடி கெட்டுவிடக் கூடாதென்று அவள் ஓர் எட்டுத் தள்ளியே நின்றாள். குழந்தை மண்ணுக்குள் இருக்கிறது; கணவன் கால்களுக்கிடையே கிடக்கிறான்; எனக்குத் தீட்டு வரக்கூடாதே என்று அவள் தள்ளி நிற்கிறாள். அவள் என் கையைப் பிடித்து இழுத்திருந்தால் ஒருவேளை நான் விலகியிருப்பேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது பொய்.

என் வலப்பக்கத்துப் பெரியவர் என் விரல்களை இறுக்கினார். "ஓய், திரும்பிப் பாராதேயும். கையை விட்டால் அடி தப்பும். மேலே சேவியும்."

சேவித்தேன். எந்தப் பாசுரம் என்று கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான அடிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் எனக்கு, அன்று என் வாயில் இருந்த அடி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு சேவகன் தடியின் நுனியால் அவள் வயிற்றில் குத்தித் தள்ளினான். இன்னொருவன் கூந்தலைப் பற்றிக் கயிற்றுக்கு அப்பால் எறிந்தான். ஏட்டு எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "சாமிங்க நீங்க பாட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார். மிக மரியாதையாகச் சொன்னார்.

ஆனையின் ஒரு குரலுக்கு வைகுண்டத்தை விட்டு ஓடியவன் என்று நாங்கள் தொண்டை கிழியப் பாடுகிறோமே, அவனை அவன் கருடன் மேலேயே உட்காரவைத்து, ஒரு தாய்க்கும் அவள் குழந்தைக்கும் நடுவே சுவராக நிறுத்திவிட்டோம். போலீசுக்குத் தடி இருந்தது. அந்தத் தடிக்குக் காரணமாகக் காட்டப் பெருமாள் வேண்டியிருந்தது. அவரைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நாங்கள்.

தெருக்கோடியில் துரை இருந்த மாடிக்குக் கீழே வர்த்தகர் வீட்டு உபசாரம். தேங்காய், ஆரத்தி, மாலை, மறுபடி ஆரத்தி. துரை நன்றாகப் பார்க்கட்டும் என்று வாகனத்தை ஒருமுறை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார்கள். அவர் தொப்பியை எடுத்தாராம். பெரியவர்கள் அதைப் பல நாள் சொல்லி மகிழ்ந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு நாழிகை அங்கே நின்றோம். நாங்கள் தெருவைக் கடக்கும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை.

அவிழ்த்த பிறகு நடந்ததை மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் சொல்லிக் கேட்டேன். தெருவே சேர்ந்து மண்ணை வாரிற்று. விழுந்த கூரைக் கைமரங்களைத் தறிச் சட்டம் தாங்கி நின்றிருக்கிறது. குழிக்குள் ஓர் ஓடும் விழவில்லை. குழந்தையின் உடம்பில் கீறல் இல்லை. மூக்கிலும் வாயிலும் புழுதி மட்டும். தூங்கவைத்த இடத்தில் அவள் இல்லை. மிதிக்கட்டை இருக்கும் மூலைக்கு நகர்ந்து, சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தாளாம். தூக்கியபோது மூச்சில்லை; உடம்பில் இன்னும் சூடு இருந்ததென்று பெண்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தவர், கொஞ்சம் முன்னே தோண்டியிருக்கலாமே, ஏன் சும்மா இருந்தீர்கள் என்று தாயைப் பார்த்தே கேட்டாராம்.

ஏன் சும்மா இருந்தீர்கள்! அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடங்கள் எத்தனையோ இருக்க, அவள் காதில்தான் அது வந்து விழுந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. கை முறிந்த அந்த மனிதர்மேல் வழக்குப் போட்டார்கள். சேவகரைத் தாக்கினார், பெருமாள் ஊர்வலத்துக்கு இடையூறு செய்தார் என்று இரண்டு குற்றம். சாட்சி சொல்லக் கோஷ்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையின் ஓரத்தில் இருந்தவன் நான்தானே. அதற்கு முந்தின நாள் முழுவதும் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். குழியைச் சொல்ல வேண்டும். தாயைச் சொல்ல வேண்டும். விழுந்தவனை அடித்ததைச் சொல்ல வேண்டும்.

பெஞ்சுக் கோர்ட்டில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மூவர் நீதிபதிகளாக அமர்ந்திருந்தார்கள். போலீஸ் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சேவகரை இவன் அடித்ததைப் பார்த்தீரா?"

"இல்லை. அவர் அடிக்கவில்லை."

"கோஷ்டிக்கும் வாகனத்துக்கும் நடுவில் குறுக்கே ஓடினானா?"

"ஓடினார்."

"உங்கள் சம்பிரதாயத்தில் அது தப்புத்தானே?"

"அபசாரம்."

நடுவில் இருந்த நீதிபதி சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா?"

கூண்டில் நின்றவர் என்னைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஒத்திகை பார்த்த சொற்களெல்லாம் என் நாக்குவரை வந்தன. நீதிபதிகளில் ஒருவர் எங்கள் வீதிக்காரர். கோயிலில் முதல் மரியாதை பெறுபவர். அவர் புருவத்தைச் சற்றே உயர்த்தினார். அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன்.

அடித்த குற்றம் தள்ளுபடியாயிற்று. குறுக்கே ஓடிய குற்றத்துக்குப் பதினைந்து நாள் காவல். என் சாட்சியில் ஒரு பொய்யும் இல்லை. மெய்யை மட்டுமே சொல்லி ஒருவரைச் சிறைக்கு அனுப்பினேன். போலீஸ்காரர் 'ஓடினான்' என்று சொன்னபோது நான் 'ஓடினார்' என்று திருத்திச் சொன்னதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரிய தைரியமாக எண்ணிக்கொண்டு வந்தேன். சீச்சீ.

அவர் வெளியே வந்து சில நாட்கள் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். கூடத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. வாசலில் உட்கார்ந்து, இடக்கையால் ராட்டையைச் சுற்றித் தார்க்குச்சியில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தார். வலக்கை கோணலாகக் கூடியிருந்தது. தறியில் நாடா எறிந்து நெய்ய இனி அது உதவாது என்று பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சாமி" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர் ராட்டையை நிறுத்தவில்லை.

"போலீஸ்காரன் அடிச்சான். எந்த ஊர்க்காரனோ. அவனுக்கு என்னத் தெரியாது, தறி தெரியாது, குழி தெரியாது. உங்களுக்குத் தெரியும் சாமி. எங்க கூடத்துல நின்னு, கூறைப்புடவைய நீங்களே தொட்டுப் பாத்து வாங்கிக்கினு போனீங்க. குழி எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

நிறைந்த தார்க்குச்சியை அவர் கழற்றி வைத்தார்.

"பாட்ட நிறுத்தச் சொல்லல சாமி. பெருமாள் பாட்டு, எதுக்கு நிறுத்தணும்? பாடிக்கினே கொஞ்சம் எதிர வந்து நின்னுருக்கலாம். உங்க மேல தடி வெச்சுருப்பானா? உங்க பின்னாலயே நான் பூந்து போயிருப்பேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "யாரது?"

"பெருமாள் கோயில் சாமிம்மா."

"இன்னா வோணுமாம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அதே கேள்விதான் போலும்.  வந்த வழியே திரும்பினேன்.

கோஷ்டியை நான் விடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசைதான். அடுத்த வருஷம் கயிறும் வேண்டாம், தடியும் வேண்டாம், கூட்டத்தை நாமே ஒழுங்கு செய்துகொள்வோம் என்று பெரியவர்களிடம் சொன்னேன். "கயிறில்லாமல் மரியாதை நிற்குமோ, ஓய்?" என்றார்கள். ஆபத்தென்று எவரேனும் வந்தால் சேவித்தபடியே விலகி வழி விடுவோம் என்றாவது தீர்மானம் செய்யுங்கள் என்றேன். பூர்வர்கள் அப்படி ஏதும் வைக்கவில்லையே என்றார்கள். அந்த வருஷமும் கயிறு கட்டினார்கள். அந்த ஏட்டுக்கு உத்தியோகம் உயர்ந்ததாகக் கேள்வி. அந்தத் தெரு வழியே போகும்போது வடக்கு வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் கோலமும் இல்லை, ஆரத்தித் தட்டும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அந்தச் சாத்திய கதவைவிடத் தகுதியான உபசாரம் அன்று எங்களுக்கு எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் எவராயினும், எக்குலத்தவராயினும், எத்தெய்வத்தைத் தொழுபவராயினும், உங்கள் மக்கள் நீண்ட ஆயுளோடு வாழ்க. அவர்கள் அழைக்கும் குரல் உங்களுக்குத் தப்பாமல் கேட்க. நீங்கள் ஓடும் வழியில் உங்களைத் தடுப்பார் எவரும் இல்லாதொழிக. வேறொருவர் தம் குழந்தைக்காக ஓடிவரும் நாளில், விலகி வழி விடும் நெஞ்சும், கேளாமலே எடுத்துச் சொல்லும் நாவும் உங்களுக்கு வாய்க்க. உங்கள் இல்லங்களில் மங்களம் பெருகுக.